சாமியை அடுப்படிக்கு அனுப்பியவள்

மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். என் பை தராசில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் குமாரின் போன் வந்தது. "அத்தை, அம்மா போயிருச்சு" என்றான். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசினான். முதல் நாள் நெஞ்சு வலிக்கிறது என்று நடந்தே வேனில் ஏறிப் போன தெய்வானையை, சாயந்தரம் பெட்டியில் கொண்டுவருகிறோம் என்றான். அழுகை வருவதற்கு முன்னால் என் வாயில் வந்தது இதுதான்: "டேய் குமாரு, வீட்டுக்குள்ள யாரும் சாம்பிராணி போட்டுறக் கூடாதுடா."

பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். தெய்வானையை அறிந்தவர்களுக்கு அது புரியும். அறியாதவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் குமார் அவள் நினைவுக்கு அச்சடிக்கிற இந்த மலரில் எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தவள். பெரிய வார்த்தை எனக்கு வராது. பிழை இருந்தால் குமார் திருத்திப் போடுவான்.

நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் பக்கம் இருமினால் என் பக்கம் கேட்கும். இருவரும் ஒரே காலையில்தான் முதன்முதலாகப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்தோம். குமார் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் புருஷன் போய்விட்டார். பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அவள் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். லீவில் வந்தாள், திரும்பப் போனாள். குமாருக்கு மீசை முளைத்த பிறகுதான் ஒரேயடியாக வந்தாள்.

வந்தவள் அந்த நாட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் வேலை செய்த வீட்டு நடுக்கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பற்றித்தான். கடல் தண்ணீர், கடல் மீன். வீட்டுக்காரர் ஆசைக்கு வைத்தார். ஆனால் தீனி போட்டதும் கண்ணாடி துடைத்ததும் தண்ணீர் மாற்றியதும் இவள்தான். "அந்த வீட்டுல எம்பேரச் சொல்லிக் கூப்புட ஆளு இல்ல லெச்சி. கிட்டப் போனா ஓடியாந்தது அந்த மீனுங்க மட்டுந்தான்" என்பாள். பிறகு, "ஊரான் மீனுக்கு எவ்வளவோ காலம் சோறு போட்டாச்சு. எனக்குன்னு ரெண்டு வேணும்" என்பாள். மற்றவர்கள் திரும்பி வந்தால் நகை எடுப்பார்கள், கூரையை மாற்றுவார்கள். இவள் கேட்டது ரெண்டே ரெண்டு மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. கோமாளி மீன் என்று பேர்.

தொட்டி பதுளையில் இருந்து வைக்கோல் சுற்றி வந்தது. வந்ததும் அதை வைக்க இடம் பார்த்தாள். முன் அறையில் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு இங்கே தள்ளுவாள், அங்கே தள்ளுவாள். ஜன்னல் பக்கம் வெயில் விழும், பாசி பிடிக்கும். கதவுப் பக்கம் போகிறவன் வருகிறவன் இடிப்பான். கடைசியில் உள் சுவரோரம் சீமெந்தில் ஒரு மேடை கட்டச் சொன்னாள். மேசன், "அம்மன் செல வெக்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டான். "அதவிடப் பாரம்டா தம்பி. மட்டம் பாத்துக் கட்டு" என்றாள். என்னிடம் சொன்னாள்: "தொட்டிய வெச்ச எடம் வெச்ச எடந்தான் லெச்சி. தண்ணி ஊத்துன பொறகு ஆன வந்து முட்டுனாலும் அசைக்கக் கூடாது. கண்ணாடி ஒட்டு விட்டு ஒழுகிரும்." அந்த வார்த்தையை அன்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். அவள் செத்த அன்றைக்குத்தான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது.

கண்ணாடியைக் கழுவ நான் சவுக்காரக் கட்டியோடு போனேன். "மீனுக்கு என்னா சட்டையா தொவைக்கப் போற?" என்று பிடுங்கி வெளியே எறிந்தாள். வெறும் தண்ணீரும் பழைய சேலைத் துணியும்தான்.

எங்கள் மலையில் கடலுக்கு எங்கே போவது? வெலிமடையில் இருந்து லீக்ஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு பொத்துவில் பக்கம் போகிற லொறிக்கார சுப்பையா அண்ணனைப் பிடித்தாள். திரும்பி வரும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீர். மண்ணெண்ணெய் இருந்த கேன் ஆகாது, ஊறுகாய் இருந்தது ஆகாது என்று புதுக் கேன் வாங்கிக் கொடுத்தாள். முதல் தடவை இறக்கும்போது சுப்பையா அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கீழ எறங்குற தண்ணிய மேல ஏத்துற மொத ஆளு நீதாம்மா" என்றார். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்தாள். உப்பு எவ்வளவு என்று பார்க்க, ஊசி ஆடுகிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "சரியாத்தான் இருக்கு" என்றேன். "நாக்கு ரசத்துக்குத்தான் புள்ள. இதுக்கு ஊசி" என்றாள். தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்தில், அரபு நாட்டில் இருந்து கொண்டுவந்த சிவப்பு நகப்பூச்சால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டாள். தண்ணீர் குளிராமல் இருக்க ஒரு ஹீட்டர் குழாய், மூச்சுக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டர், கடையில் வாங்கின ஓட்டை ஓட்டையான வெள்ளைக் கல். எல்லாம் வைத்தாயிற்று. மீன் மட்டும் இல்லை.

லயமே பார்க்க வந்தது. எங்கள் லயத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பது ராமாயி அக்கா. அவர் தொட்டியைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, "ஏண்டி தெய்வான, நாங்க என்னா தண்ணியவே பாக்காத ஆளுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். "தண்ணி இன்னும் காயா இருக்குக்கா. பழுக்கணும்" என்றாள். பழுக்க வைக்க அவள் செய்தது அதைவிட வேடிக்கை. உரிக்காத இறால் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டாள். "கறிக்கு இல்லாத எறாலு, கல்லுக்கா?" என்று ராமாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் கலங்கியது, நாறியது, கல்லில் பழுப்பாக ஏதோ படிந்தது. அந்த அழுக்கைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர் கல்லுக்குள் பெருகினால்தான் மீன் பிழைக்குமாம். அவசரப்பட்டு மீனை விடுகிறவன் மீனைக் கொல்லுகிறவன் என்றாள். ஒரு மாதத்துக்கு மேலாக அவள் தினமும் பெரட்டுக்குப் போகுமுன் வெறுந்தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு நாள் காலை சுவரைத் தட்டி, "லெச்சி, பழுத்திருச்சு வா" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு.

மீன் கொழும்புக் கடையில் இருந்து பொலித்தீன் பையில் வந்தது. வந்த உடனே கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன். பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "புது மருமகள ஆரத்தி எடுக்காம நேரா அடுப்படிக்கா அனுப்புவ? வாசல்ல கொஞ்சம் நின்னு பாத்து வரட்டும்" என்றாள். ரெண்டும் வெளியே வந்து கல்லுக்குப் பின்னால் ஒளிந்தன. ஒரு சின்ன இறாலும் விட்டாள், இது கறி இறால் இல்லை, உயிரோடு சிவப்பாக ஓடுவது. தெய்வானை தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. குளித்து, விளக்கேற்றி, முருகன் படத்துக்குச் சாம்பிராணி காட்டினாள். லயத்தார் கண்ணெல்லாம் மீன் மேல் பட்டிருக்கிறதே என்று, அதே தூபத்தைத் தொட்டிக்கும் மூன்று சுற்றுச் சுற்றினாள். அறை முழுக்கப் புகை. நல்ல மணம். ஆனால் காற்று ஊதுகிற மோட்டர் அந்த அறைக் காற்றைத்தானே இழுக்கும்? புகையை எல்லாம் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிவிட்டது. மறுநாள் இறால் கவிழ்ந்து கிடந்தது. மீன் ரெண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் அவையும் போயின.

அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். புருஷன் செத்தபோதுகூடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடியவள். "அந்த வீட்டுலயும் பொகை போடுவாங்க லெச்சி. பெரிய பெரிய தூபம். வீடு பூரா கொண்டு போவாங்க, அந்தத் தொட்டி இருக்குற கூடத்துக்கு மட்டும் கொண்டு போக மாட்டாங்க. தெனமும் பாத்தேன். ஏன்னு ஒரு நாளு கேக்கலியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வேலைக்காரி கேள்வி கேட்கிற வீடா அது? நான் அப்படித்தான் அவளைத் தேற்றினேன். அவள் தேறவில்லை.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் ஆணி அடிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் முன் அறையில் சாமிப் படம் ஒன்றும் இல்லை. முருகன், மாரியம்மன், பிள்ளையார் எல்லோரும் அடுப்படியில், அரிசி வாளிக்கு மேலே வரிசையாக. தெய்வானை சுத்தியலோடு நின்றாள். "சாமி கோவிச்சுக்காது. கோவிச்சாலும் மறுவாரம் சமாதானம் ஆயிரும். மீனு செத்தா செத்ததுதான்" என்றாள்.

லயத்தில் பெரிய பேச்சாகிவிட்டது. "சாமிய அடுப்படிக்கு வெரட்டிட்டு மீன நடு வீட்டுல வெச்சிருக்கா" என்று ராமாயி அக்கா பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரிடமும் சொன்னார். தெய்வானை காதிலேயே விழும்படி சொன்னார். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "எக்கா, சாமிக்கு நானும் அடுப்படியிலதான் சோறு ஆக்குறேன். பக்கத்துல இருந்தா சூடா சாப்புடும்ல?" என்றாள். ராமாயி அக்காவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தண்ணீரைக் கொட்டி, கல்லைக் கழுவி, மறுபடி முதலில் இருந்து. சுப்பையா அண்ணன் கேன், இறால், நாற்றம், காத்திருப்பு. இந்தத் தடவை யாரையும் பார்க்கக் கூப்பிடவில்லை. அப்படி வந்த ரெண்டுதான் இன்றைக்கும் இருப்பவை. பெரியது பொம்பளை, சின்னது ஆம்பளை. "இந்தச் சாதியில பொம்பளதான் பெரிசு" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய அந்த வருஷம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் லயத்தில் அடுப்புக்குக் கவலை இல்லை, விறகு. தெய்வானைக்கு மட்டும் கவலை. ஹீட்டரும் நின்றுவிடும், மோட்டரும் நின்றுவிடும். அவள் மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்த பழைய கம்பளியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். மேலே மட்டும் திறந்துவைத்து, கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருப்பாள், காற்று உள்ளே போவதற்கு. கை வலித்தால் நான் ஊற்றுவேன். மலையில் இருந்து இறங்கி வந்த பெண்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே முறை போட்டு ஊற்றினார்கள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் ராமாயி அக்கா கோப்பையோடு நிற்கிறார். "இந்தச் சனியன் பொழைக்கணுமேன்னு எனக்கும் நேந்துக்கத் தோணுதுடி" என்றார்.

அவள் பேர் பரவியது. லுணுகலையில் இருந்து ஒரு பெண், தானும் தொட்டி வைத்ததாகவும் மீன் ஒன்றும் நிற்கவில்லை என்றும் போன் பண்ணினாள். என்ன உப்பு போட்டாய் என்று இவள் கேட்டாள். கடை உப்புத்தான் என்றது அந்தப் பக்கம். "கறி உப்புல கருவாடுதாம்மா வரும்" என்று இவள் சொல்ல, அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், அங்கேயே இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அவள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். "காஞ்சு போறது தண்ணிதான். உப்பு எங்கயும் போகாது, உள்ளயேதான் இருக்கும்."

இனி அந்தச் சாயந்தரம். பெட்டி வந்தது. ஆட்கள் வழக்கப்படி முன் அறைக்குள் தூக்கிப் போனார்கள். தொட்டிக்கு நேர் எதிரில் தெய்வானை. கம்பளி கட்டிய காலத்தில் அவள் உட்கார்ந்திருந்த அதே இடம். தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். ஒருத்தி ஊதுவத்திக் கட்டைப் பிரித்தாள், ஒருத்தி சாம்பிராணிச் சட்டிக்குத் தணல் எடுக்கப் போனாள். நான் கதவை மறித்து நின்றேன்.

"பொகை வேணாம். மீனு செத்துப் போயிரும்."

"பொணத்துக் கிட்ட பொகை இல்லாம எப்புடி லெச்சுமி?" என்றார்கள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கெடக்கணுமே." "மீனா பெரிசு?" கொழும்பில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், தொட்டியைத் தூக்கி என் வீட்டில் வைக்கலாமே என்றார். நாலு பையன்கள் முன்னால் வந்தார்கள். அசைத்தால் கண்ணாடி விட்டுவிடும் என்று நான் கத்தினேன். குமார் என்னைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவன் என்ன சொல்லுவான்? அம்மாவுக்குச் செய்கிறதில் குறை வைத்தான் என்று ஊர் பேசும். அம்மா வளர்த்ததைக் கொன்றான் என்று அவன் மனசு பேசும். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரெண்டு மீனும் கண்ணாடியோரம் வந்து நின்றன, தீனிக்கு நிற்கிறாற்போல.

ராமாயி அக்கா அதுவரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெய்வானையின் நெற்றிப் பொட்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். எழுந்தார். சேலையை உதறிச் சொருகினார்.

"என்னாடா முழிக்கிறீங்க? சாமியவே அடுப்படிக்கு அனுப்புனவ இவ. அந்த மீனுக்குன்னா எந்திரிச்சு அவளே வெளிய போயிப் படுப்பா. தொட்டியத்தான அசைக்க முடியாது? அவள அசைக்கலாம்ல. தூக்குங்கடா."

தூக்கினார்கள். வாசலில் தறப்பாள் கட்டி, அதற்குக் கீழே கிடத்தினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே சாம்பிராணி போட்டோம், ஊதுவத்தி கொளுத்தினோம், ஒரு குறையும் வைக்கவில்லை. முன் அறைக் கதவை நான் சாத்தி, கதவுக்கடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தேன். மோட்டருக்கு நீளக் குழாய் மாட்டி, அதைப் பின் ஜன்னலுக்கு வெளியே, மலைக்காற்றுப் படுகிற இடத்தில் கம்பியில் கட்டினேன். ஒப்பாரிக்கு நடுவிலும் அதன் குறுகுறு சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னால் அழ முடிந்தது அந்தச் சத்தம் கேட்டதனால்தான்.

கருமாதி முடிந்து குமார் வேலைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாவியை என் கையில் வைத்தான். "மீன நீங்க வெச்சுக்கங்க அத்தை" என்றான். வீட்டையும் தொட்டியையும் பிரிக்க முடியாது, அதனால் சாவியே வந்தது. அவள் படத்தை எங்கே மாட்டுவது என்று இருவரும் முன் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படம் என்றால் விளக்கு, புகை எல்லாம் உண்டு. அவனே போய் அடுப்படியில், முருகனுக்கு அந்தப் பக்கம் ஆணி அடித்தான்.

தெய்வானையிடம் இருந்து எனக்கு வந்தது அந்தச் சாவி மட்டும் இல்லை. பழுக்கும் வரைக்கும் பொறுக்கிறது வந்திருக்கிறது. நான் அவசரக்காரி, அது தெரிந்தவர்கள் சிரிக்கட்டும். காலையில் பெரட்டுக்கு முன் பீலித் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுபோய், குறைந்த மட்டத்துக்கு மெதுவாக ஊற்றுகிறேன், அவள் நகப்பூச்சுக் கோடு வரைக்கும். அதற்கு மேலே ஒரு சொட்டு இல்லை. முதலில் என்னைக் கண்டு கல்லுக்குப் பின்னால் போன ரெண்டும் இப்போது கண்ணாடிக்கு வருகின்றன. வெள்ளிக்கிழமை தூபச் சட்டியோடு முன் அறையைத் தாண்டும்போது மட்டும் முந்தானையால் புகையைப் பொத்திக்கொண்டு, அடுப்படிக்கு ஓடுகிறேன். அங்கே சாமிகளுக்குக் காட்டிவிட்டு அவளுக்கும் காட்டுகிறேன்.